தொடக்கூடாத எட்டு லட்சம்

போன மாதம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது ஒருவர் என்னை நிறுத்திவிட்டார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். பிரான்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஆறு மாதம் அங்கே ஆறு மாதம் இங்கே என்று இருப்பவர். "சார், பாரிஸ் குளிர் இனிமே ஒத்துக்காது. பாண்டியிலயும் சனி ஞாயிறு வந்தா தெருவுல நடக்க முடியல. தாய்லாந்துல போய் உக்காந்துடலாமான்னு பாக்கறேன். உங்க சிநேகிதர் அங்கதானே இருக்கார்? பேங்க்ல ஏதோ பணம் போட்டு வைக்கணுமாமே, அது என்ன கணக்கு சார்?" என்றார்.

நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய கணக்கில்லை அது. எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கணக்கையும் எழுதுகிறேன், அந்தக் கணக்கு என் நண்பனை என்ன செய்தது என்பதையும் எழுதுகிறேன்.

நண்பனும் நானும் கல்வே காலேஜில் ஒரே பெஞ்சு. அப்போது அங்கே பிரெஞ்சு வழியில் படித்தோம். 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது எங்களுக்குப் பன்னிரண்டு வயது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தியர் என்பது விதி. அவன் அப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. அவ்வளவுதான். அவன் பதினெட்டு முடிந்ததும் பிரெஞ்சு ராணுவத்துக்குப் போய் சொல்தா ஆனான். நான் அரசு அலுவலகத்தில் எல்.டி.சி. ஆகி, யு.டி.சி. ஆகி, கடைசியில் சூப்பரின்டெண்டன்ட் நாற்காலியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து எழுந்து வந்தேன். ஆறு மாதக் கெடுவும் ஒரு கையெழுத்தும் என்ன செய்யும் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ராணுவத்தில் பதினைந்து வருஷம் முடித்துவிட்டு, பாரிசுக்குப் பக்கத்தில் ஒரு குடோனில் இரவுக் காவல் வேலை பார்த்தான். மனைவி போய்ச் சேர்ந்தபிறகு அங்கே தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. முத்தியால்பேட்டை வீட்டில் தன் பங்கைத் தம்பிக்கே விற்றான். அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு தாய்லாந்தில் ஒரு கடலோர ஊருக்குப் போனான். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே ஒரு அம்மாள், அவளும் கணவனை இழந்தவள், சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறாள். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இந்த வயதில் அதைப் பற்றி விமர்சனம் எதுவும் எனக்கில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

தாய்லாந்தில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருகிற வெளிநாட்டுக்காரர் ஐம்பது வயதைக் கடந்திருக்க வேண்டும். தங்கும் அனுமதியை வருஷத்துக்கு ஒருமுறை நீட்டிப்பார்கள். அதற்கான குடிவரவு அலுவலகம் அங்கே போலீசின் ஒரு பிரிவு. விண்ணப்பக் கட்டணம் 1,900 பாட். வருமானத்தை நிரூபிக்க மூன்று வழி. ஒன்று, தாய்லாந்து வங்கியில் தன் ஒருவர் பெயரில் 8 லட்சம் பாட் வைத்திருப்பது. 2024-இல் அது நம் பணத்தில் இருபது லட்சத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. இரண்டாவது, மாதம் 65,000 பாட் வருமானம். மூன்றாவது, வருஷ வருமானமும் வங்கி இருப்பும் சேர்ந்து 8 லட்சம். தாய்லாந்துப் பெண்ணை முறைப்படி மணந்தவருக்கு வேறு விதி. அவருக்கு 4 லட்சம் போதும், அல்லது மாதம் 40,000.

என் நண்பனுக்கு எல்லாப் பென்ஷனும் சேர்த்து மாதம் ஆயிரம் யூரோவுக்கு மேல் கொஞ்சம். அது 38,000 பாட் கூட முழுசாகத் தேறாத மாதமும் உண்டு. ஆகவே முதல் வழி. முத்தியால்பேட்டை வீட்டுப் பங்கு அப்படியே அந்த வங்கிக் கணக்கில் போய் உட்கார்ந்தது.

முன்பெல்லாம் விண்ணப்பிக்கிற நாளில் இருந்தால் போதும், அதற்கு முன் சில மாதம் கணக்கில் கிடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மறுநாளே எடுத்துவிடலாம். சிலர் கடன் வாங்கிப் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றும், அதற்கென்றே ஏஜெண்டுகள் உண்டு என்றும் அங்கே சாதாரணமாகப் பேசிக்கொள்கிறார்கள். 2019 ஜனவரியில் ஓர் உத்தரவு வந்தது. எண் 35/2562. அவர்கள் புத்தர் ஆண்டுக் கணக்கு வைத்திருப்பவர்கள், நம் கணக்கோடு 543 கூட்டிக்கொள்ள வேண்டும். மார்ச் 1 முதல் அமல். அதன்படி 8 லட்சம் பாட் விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதம் கணக்கில் கிடக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் மூன்று மாதம் கிடக்க வேண்டும். மீதிக் காலத்தில் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கவே கூடாது.

கூட்டிப் பாருங்கள். பன்னிரண்டு மாதத்தில் ஐந்து மாதம் முழுத் தொகையையும் தொடக்கூடாது. பாக்கி ஏழு மாதம் பாதியைத் தொடலாம், ஆனால் ஏழு மாதம் முடிவதற்குள் திரும்ப நிரப்பியாக வேண்டும். மற்றப் பாதியை அந்த நாட்டில் இருக்கிறவரை தொடவே முடியாது. வட்டியோ, சேமிப்புக் கணக்கில் ஒரு சதவீதம்கூட இல்லை.

"பேங்க்காரன் தர மாட்டானா?" என்று நானும் முதலில் கேட்டேன். தருவான். சீட்டெழுதி நீட்டினால் ஐந்து நிமிஷத்தில் எண்ணிக் கொடுத்துவிடுவான். பூட்டு எதுவும் கிடையாது. அவன் பணம், அவனே அதற்குக் காவல்காரன். பாரிசில் அடுத்தவன் குடோனைக் காத்தவன் இங்கே தன் பணத்தைத் தன்னிடமிருந்தே காத்துக்கொண்டிருக்கிறான் என்று ஒருமுறை போனில் சொல்லிச் சிரித்தான்.

2024 ஜனவரி கடைசியில் அவனுக்கு நெஞ்சு வலி வந்தது. படி ஏறும்போது வரும், உட்கார்ந்தால் போய்விடும். அங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்தார்கள். குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், அநேகமாக ஸ்டென்ட் வைக்க வேண்டியிருக்கும், 3,20,000 பாட் ஆகும், முன்பணம் கட்டினால் நாள் குறிக்கிறோம் என்றார்கள். அரசு மருத்துவமனையில் செலவு குறைவு, ஆனால் வரிசை நீளம். காப்பீடு அவனுக்கு இல்லை. எழுபது வயதுக்கு மேல் புதிதாக எடுக்கப் போனால் அவர்கள் கேட்கிற பிரீமியத்துக்கு ஸ்டென்ட்டே வைத்துக்கொள்ளலாம் என்பான்.

அவனுடைய அனுமதி மார்ச் 20-ஆம் தேதி முடிகிறது. அதாவது வலி வந்தபோது இரண்டு மாதக் காத்திருப்பு தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள்.

எனக்கு அந்த அம்மாளின் மகள்தான் ஆங்கிலத்தில் வாட்ஸ்அப் அனுப்பினாள். இவன் எனக்கும் சொல்லவில்லை, பிரான்சில் இருக்கிற தன் மகளுக்கும் சொல்லவில்லை. பிப்ரவரி இரண்டாம் வாரம் நான் புறப்பட்டுப் போனேன். அந்தச் சமயம் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு தாய்லாந்தில் முப்பது நாளுக்கு விசாவே வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். விமான நிலையத்தில் என்னை யாரும் வங்கிப் புத்தகம் கேட்கவில்லை. முத்திரை குத்தி அனுப்பிவிட்டார்கள். பத்து வருஷமாக அங்கேயே வாழ்ந்து, அந்தத் தெருவில் ஒவ்வொரு நாய்க்கும் பெயர் தெரிந்தவனுக்குத்தான் எல்லாக் கேள்வியும்.

போன அன்று இரவே சண்டை.

"டேய், உன் பணம். நாளைக்குக் காலைல போய் எடு. கட்டு. படுத்துக்கோ."

"எடுத்தா எட்டு லட்சம் உடையுது. திரும்பப் போட்டாலும் ரெண்டு மாசம் முதல்லேர்ந்து எண்ணணும். மார்ச் இருபதுக்குள்ள எப்படி எண்ணுவே? நீ கிளார்க்குதானே, சொல்லு."

"நாட்டை விட்டு வெளிய போயிட்டு புது விசாவுல வா."

"இந்த நெஞ்சை வச்சிக்கிட்டா?"

பதில் இல்லை எனக்கு. நான் கொண்டுபோன சொற்பத்தையும், ஊருக்குப் போனால் அனுப்பக்கூடியதையும் சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அம்மாளை முறைப்படி கல்யாணம் செய்துகொண்டால் 4 லட்சம் போதுமே என்றேன். "எழுபத்து நாலு வயசுல விசாவுக்காகவா தாலி கட்டுவேன்? அவ என்னைப் பத்தி என்ன நினைப்பா?" என்றான். நியாயம்தான். மகளிடம் கேள் என்றேன். அதற்குப் பதிலே சொல்லாமல் எழுந்து போய் வாசல் விளக்கை அணைத்தான்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. முப்பத்தாறு வருஷம் விதிப் புத்தகத்தோடு குடும்பம் நடத்தியவன் நான். ஒரு விதி கதவைச் சாத்தினால் அதற்குக் கீழே இருக்கிற உட்பிரிவைப் பார்ப்பது எங்கள் பழக்கம். அவன் மேஜையில் அந்த உத்தரவின் மொழிபெயர்ப்பு ஒன்று கிடந்தது. உட்கார்ந்து படித்தேன். மூன்றாவது வழி என்று மேலே சொன்னேன் அல்லவா, வருமானமும் இருப்பும் சேர்ந்து 8 லட்சம்? பேப்பரில் போட்டுப் பார்த்தேன். மருத்துவமனைக்கு 3,20,000 போனால் கணக்கில் 4,80,000 மிச்சம். பென்ஷன் மாதம் 38,000 என்று வைத்தால் வருஷத்துக்கு 4,56,000. இரண்டும் சேர்ந்து 9,36,000. தாராளமாகப் போதும்! ராத்திரி ஒரு மணிக்கு அவனை எழுப்பிச் சொன்னேன். என் உத்தியோக வாழ்க்கையில்கூட ஒரு கணக்கு ஒத்துப்போனதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மறுநாள் காலை குடிவரவு அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் ஒரு இளம் பெண் அதிகாரி. கைகூப்பி வணங்கிவிட்டுத்தான் பேசினாள். அந்த வழி உண்டு என்றாள். பென்ஷனுக்குத் தூதரகத்தின் சான்று வேண்டும் என்றாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவனுக்குப் பென்ஷன் வருவது மூன்று இடத்திலிருந்து. ஒன்றின் கடிதம் நாலு வருஷப் பழசு. இன்னொன்று கணினியில் பார்க்க வேண்டியது, அதன் கடவுச்சொல்லை எப்போதோ தொலைத்துவிட்டான். புதுக் கடிதம் தபாலில் பிரான்சிலிருந்து வர வேண்டும், பிறகு அதை எடுத்துக்கொண்டு பாங்காக் போக வேண்டும்.

திரும்பி வரும்போது சாங்தேவில், நம் ஊர் டெம்போ மாதிரி ஒரு வண்டி அது, என் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சொன்னது இதுதான்: "பணத்தை முதல்ல எடுத்துட்டு, கடிதாசு மார்ச் இருபதுக்குள்ள வராமப் போனா? பணமும் போச்சு, ஊரும் போச்சு. நான் ஜூன் வரைக்கும் பாத்துக்கறேன்."

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவன் ஜூன் மாதத்துக்காகக் காத்திருந்தான். விண்ணப்பம் மார்ச் 14-ஆம் தேதி. அன்று காலை வங்கிக்குப் போய் 100 பாட் போட்டு, புத்தகத்தில் அன்றைய தேதியில் ஒரு வரி அடித்துக்கொண்டு, மேலாளரின் கடிதம் வாங்கி, பக்கத்துக்குப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொன்றிலும் நீல மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அனுமதி கிடைத்துவிட்டது. ஜூன் 14 வரை கைவைக்கக்கூடாது.

மே மாதம் 19-ஆம் தேதி இரவு விழுந்துவிட்டான்.

அந்த அம்மாள்தான் வண்டி பிடித்து அதே தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனாள். மகளுக்கு விஷயம் போய், அவள் தன் கார்டில் முன்பணம் கட்டினாள். பிழைத்துக்கொண்டான். ஜனவரியில் சொன்ன தொகையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆனது. இருதயத்தில் ஒரு பகுதி இனி பழையபடி வேலை செய்யாது. டாக்டர் யாரையும் எதுவும் சொல்லவில்லையாம். ஜனவரி ரிப்போர்ட்டையும் மே ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மூடிவிட்டாராம்.

இதில் அவன் பிடிவாதத்துக்கும் பங்குண்டு. மகளிடம் பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தால் அப்போதே கட்டியிருப்பாள். எனக்கும் பங்குண்டு. எனக்கு அவள் நம்பர் தெரியும். அவன் வேண்டாம் என்றான் என்பதற்காகச் சும்மா இருந்தேன். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டு விதியை மட்டும் திட்டினால் அது நேர்மையாக இருக்காது.

ஆனால் விதியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. அந்தப் பணத்தை எதற்குக் காட்டச் சொல்கிறார்கள்? வயதான வெளிநாட்டுக்காரன் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வானா, நாளைக்கு மருத்துவமனையில் படுத்துவிட்டுப் பில்லைக் கட்டாமல் போய்விடுவானா என்ற பயத்துக்காக. அந்தப் பயம் நியாயமானது. தாய்லாந்து அரசு யாரை எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய அதற்கு முழு உரிமை உண்டு. நான் சொல்வது, அந்தப் பயம் உண்மையாகி, அவன் மருத்துவமனை வாசலில் நிற்கிற நாளில், அந்தப் பணத்தை அவன் எடுக்க முடியவில்லை. எடுத்தால் தண்டனை. எடுக்காமல் படுத்தால் பில்லைக் கட்ட ஆளில்லை. மழைக்கு என்று குடை வாங்கச் சொல்லிவிட்டு, மழை பெய்யும்போது விரிக்கக்கூடாது என்பது போன்ற ஏற்பாடு இது.

ஏமாற்றுக்காரனைப் பிடிக்கத்தான் விதியை இறுக்கினார்கள் என்கிறார்கள். இருக்கலாம். ஏமாற்றுகிறவனுக்கு ஏஜெண்டு இருக்கிறான், அவன் எப்படியோ சமாளிக்கிறான். ஒழுங்காகப் புத்தகத்தை வைத்திருப்பவன்தான் ஐந்து மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

இதற்குப் பெரிய சீர்திருத்தம் எதுவும் வேண்டாம். மருத்துவமனை பில்லுக்கு நேராகப் போகிற தொகையைக் கழித்துக் கணக்குப் பார்க்கலாம் என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். வங்கி மருத்துவமனைக்கே காசோலை எழுதட்டும், நண்பன் கையில் ஒரு பாட் கூடத் தர வேண்டாம். ரசீதை விண்ணப்பத்தோடு சேர்த்துக்கொள்ளட்டும். ஒரு கிளார்க்காகச் சொல்கிறேன், அது ஒரு கூடுதல் ஜெராக்ஸ் தாள்.

அந்தக் கவுண்டர்காரர்களுக்கு வயதானவர்களின் நிலைமை புரியாது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஏனென்றால் அவர்கள் விதியிலேயே ஒரு பழைய சலுகை இருக்கிறது. அன்றிரவு படிக்கும்போது கண்ணில் பட்டது. 1998 அக்டோபர் 21-க்கு முன்னால் நாட்டுக்குள் வந்து, ஓய்வுக்கால அனுமதியில் இடைவெளி இல்லாமல் தங்கியிருப்பவர்களுக்கு அளவு வேறு. அறுபது வயதானவருக்கு 2 லட்சம் பாட் போதும், அல்லது மாதம் 20,000. ஐம்பத்தைந்திலிருந்து அறுபதுக்குள் இருப்பவருக்கு 5 லட்சம், அல்லது மாதம் 50,000. வயது ஏற ஏற அளவு குறைகிறது! வயதானவன் குறைவாகச் சாப்பிடுவான், குறைவாகச் சுற்றுவான், இருக்கிறதை மருந்துக்குச் செலவழிப்பான் என்று யாரோ ஒருவர் யோசித்து எழுதியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது ஐம்பது வயதுக்காரனுக்கும் எண்பத்தைந்து வயதுக்காரனுக்கும் ஒரே 8 லட்சம். பழையதைப் புதிதாக வந்தவர்களுக்கும் நீட்டியிருக்கலாம். செய்யவில்லை.

இவ்வளவு பேசுகிற நான் என் மேஜையில் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது எண்பதுகளில் நடந்தது. நான் அப்போது பென்ஷன் பில் பார்க்கிற இடத்தில் இருந்தேன். பாகூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பப் பென்ஷன் வாங்குகிற அம்மாள், வருஷா வருஷம் நவம்பரில் நேரில் வந்து உயிர்ச் சான்றில் கைநாட்டு வைத்துவிட்டுப் போகிறவள், ஒரு வருஷம் வரவில்லை. இடுப்பு எலும்பு முறிந்து படுத்துவிட்டாள். மகன் வந்து சொன்னான். அன்றைய செய்தித்தாளைக் கையில் கொடுத்து எடுத்த ஒரு போட்டோவைக்கூடக் காட்டினான். "இதுக்கெல்லாம் இங்க காலம் இல்லப்பா, நேர்ல வரணும்" என்று அனுப்பிவிட்டேன். டிசம்பர் போயிற்று, ஜனவரி போயிற்று, பிப்ரவரியும் போயிற்று. மார்ச்சில் வேறு ஏதோ தேட விதிப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் கண்டேன்: படுத்த படுக்கையாக இருப்பவரை ஓர் அதிகாரி வீட்டுக்கே போய்ப் பார்த்துச் சான்று கொடுக்கலாம். அந்த வரி எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறது. நான் படித்ததில்லை. மூன்று மாதப் பாக்கியையும் சேர்த்து அனுப்பினேன். அதுவரை அந்த வீட்டில் மருந்துக் கடையில் கடன் வைத்திருந்ததாக மகன் சொன்னான். என்மேல் கோபப்படக்கூட இல்லை, கும்பிட்டுவிட்டுப் போனான். அந்தக் கும்பிடு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால்தான் அந்த இளம் பெண் அதிகாரிமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் விதியை என்னைவிட நன்றாகவே படித்திருந்தாள்.

நம் ஊரிலேயே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவனிடம் போனில் இதைச் சொன்னேன். "முத்தியால்பேட்டையில யாருடா இருக்கா எனக்கு? இங்க இவ இருக்கா" என்றான். அதற்குமேல் நான் பேசவில்லை.

"இவ" என்று அவன் சொன்ன அந்த அம்மாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வங்கிக் கணக்கு அவன் ஒருவன் பெயரில்தான் இருக்க முடியும். அவன் கண்ணை மூடினால் வங்கி கணக்கை நிறுத்திவிடும். நீதிமன்றத்துக்குப் போய், சொத்தைப் பிரித்துக் கொடுக்க ஒருவரை நியமித்து உத்தரவு வாங்கிய பிறகுதான் பணம் வெளியே வரும். மணம் பதியாத அவளுக்கு உயில் இல்லாவிட்டால் எதுவும் இல்லை. ஜூன் 14 ஆனதும் அவன் அனுமதிக்கப்பட்ட 4 லட்சத்தை எடுத்து மகளிடம் வாங்கியதைக் கொஞ்சம் அடைத்தான். நவம்பர் வந்தது. ஜனவரிக்குள் அந்த 4 லட்சத்தைத் திரும்ப நிரப்ப வேண்டும். பென்ஷனில் மிச்சம் பிடித்தது பாதிதான் தேறியது. மோட்டார் சைக்கிளை விற்றான். மீதிக்கு அந்த அம்மாள் தன் கழுத்துச் சங்கிலியையும் இரண்டு வளையலையும் அடகுக் கடையில் வைத்தாள். தான் ஒரு பாட்டுக்குக்கூட உரிமை கொண்டாட முடியாத கணக்கில், தன் நகையை வைத்து வாங்கிய பணத்தை அவளே வரிசையில் நின்று கட்டினாள். அவன் இதைச் சொன்னபோது அழுதான். ஐம்பத்தைந்து வருஷத்தில் அவன் அழுது நான் கேட்டதில்லை.

உயில் எழுதச் சொல்லி நான் நச்சரித்தேன். தாய் மொழியிலேயே, இரண்டு சாட்சி வைத்து எழுதிவிட்டான். இது ஒன்றில்தான் என் பேச்சைக் கேட்டான்.

மூன்று பென்ஷன் கடிதங்களையும் இப்போது புதிதாக வாங்கி ஒரு உறையில் வைத்திருக்கிறான். கடவுச்சொல்லைக் காலண்டருக்குப் பின்னால் எழுதி மாட்டியிருக்கிறான். இனி மூன்றாவது வழியில் போகலாமே என்றால், "எட்டு லட்சம் இருக்கிறவரைக்கும் கேள்வி கேக்க மாட்டாங்க" என்கிறான். பழகிவிட்டது.

கடற்கரையில் கேட்டவருக்கு: போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஊர், நல்ல மனிதர்கள், சாப்பாடும் நம் நாக்குக்கு ஒத்துவரும். உங்கள் பென்ஷன் மாதம் 65,000 பாட்டைத் தாண்டுமானால் அந்த வழியில் போங்கள், ஒரு காசையும் பூட்ட வேண்டாம். தாண்டாதென்றால், அந்த 8 லட்சத்தை உங்கள் பணம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த மாதிரி, காலி செய்கிற அன்றைக்குத்தான் திரும்பி வரும். அதற்கு மேல், அதேபோல் கையில் இன்னொரு தொகை இருந்தால் போங்கள். வயது எழுபதைத் தொடுவதற்கு முன் காப்பீடு எடுங்கள். பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் சொல்லி வையுங்கள்.

இந்த வருஷமும் ஜனவரி பத்தாம் தேதிவாக்கில் வங்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். 8,00,612 பாட். "மாத்திரை போட்டியா?" என்று பதில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை. அரை மணி கழித்து அந்த அம்மாள் மாத்திரைப் பெட்டியை போட்டோ எடுத்து அனுப்பினாள். செவ்வாய்க்கிழமைக் கட்டம் காலியாக இருந்தது. அன்றைக்குச் செவ்வாய்தானா என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டேன். செவ்வாய்தான்.